போர்ட்டிக்சன்: கடலும் கரையும் நம்மவர்களும்

ஆலயத் திருவிழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு நிர்வாகக் குழுவினர் அன்புடன் கேட்டுக்கொண்டபோது சற்றே தயங்கினேன். தல வரலாறும் விரத மகிமையும் எழுதத் தகுதி வாய்ந்த பெரியோர் நம்மிடையே பலர் உள்ளனர். அடியேன் அரசாங்க அலுவலகத்தில் நிலப் பதிவேடுகளோடு காலம் கழிப்பவன். ஆகவே நான் அறிந்த நிலத்தைப் பற்றியே எழுதுவது பொருத்தம் என முடிவு செய்தேன். நம் ஆலயத்திலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருப்பதும், நம்முள் பெரும்பாலோர் முதன்முதலாகக் கடலைக் கண்டதும் ஆகிய போர்ட்டிக்சன் பட்டினமே இக்கட்டுரையின் பொருளாகும்.

விடுமுறை வந்தால் போர்ட்டிக்சன் செல்வோம், குளிப்போம், உண்போம், திரும்புவோம். அந்தக் கரைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதையோ, அவ்வரலாற்றில் நம் முன்னோருக்கும் பங்கு உண்டு என்பதையோ நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அதனை நினைவூட்டுவதே என் நோக்கம்.

நெய்தல் நிலம்

நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பகுத்த நம் முன்னோர், கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றனர். அந்நிலத்துக்கு உரிய தெய்வம் வருணன். உரிய உணர்வு இரங்கல். கடல் கடந்து சென்றவரை எண்ணிக் கரையில் நின்று வருந்தும் உணர்வே இரங்கலாகும். இதனைப் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

போர்ட்டிக்சன், நெகிரி செம்பிலான் மாநிலத்தின் மேற்குக் கரையில், சிரம்பானிலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தொலைவில் மலாக்கா நீரிணையை நோக்கி அமைந்துள்ளது. பட்டினத்தின் அருகிலிருந்து தெற்கே தஞ்சோங் துவான் முனை வரை ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளத்திற்கு மணற்கரை சிறு சிறு வளைவுகளாக நீண்டு செல்கிறது. எதிரே சுமத்ரா தீவு அரணாக நிற்பதால் இங்குப் பேரலைகள் எழுவதில்லை. கரை ஓரத்தில் ஆழமும் குறைவு. தாய்மார்கள் சிறு பிள்ளைகளை அச்சமின்றித் தண்ணீரில் இறக்கிவிடுவதற்கு அதுவே காரணம். நீர் கண்ணாடி போல் தெளிந்திராது. சேறு கலந்த நீரிணை நீர் அது. மேற்கு நோக்கிய கரையாதலின் மாலைக் கதிரவன் கடலுக்குள் இறங்குவதை இங்குக் கண்குளிரக் காணலாம். சில நாள்களில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரெனக் காற்றும் மழையும் சீறி வரும். ஓரிரு மணி நேரத்தில் ஏதும் நடவாதது போல் கடல் அடங்கிவிடும்.

வடக்கே லுக்குட் ஆறும் தெற்கே லிங்கி ஆறும் கடலில் கலக்கின்றன. ஆற்று முகங்களில் கண்டல் மரக் காடுகள். இவ்விரு ஆறுகளே இவ்வட்டாரத்தின் பழைய வரலாற்றைத் தீர்மானித்தவை.

ஆற்றங்கரை வரலாறு

லிங்கி ஆற்றின் ஓரத்தில் பெங்காலான் கெம்பாஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே நட்டு வைத்த பெருங்கற்களும், 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அகமது மஜ்னு என்பாரின் கல்லறையும் கல்வெட்டும் உள்ளன. அக்கல்வெட்டில் ஜாவி எழுத்தும் காவி எழுத்தும் அருகருகே காணப்படுகின்றன. காவி எழுத்தானது பல்லவர் காலத்து எழுத்தின் வழிவந்தது. தென்னிந்தியக் கரைக்கும் இந்தக் கரைக்கும் இடையிலான தொடர்பு நம் பாட்டனார்கள் கப்பலேறிய நாளில்தான் தொடங்கியது என்று எண்ணியிருந்த எனக்கு, அந்தக் கல்லின் முன் நின்றபோது மெய்சிலிர்த்தது.

லுக்குட்டின் செல்வம் ஈயம். 1846ஆம் ஆண்டில் சிலாங்கூர் சுல்தானிடமிருந்து லுக்குட்டைப் பெற்ற ராஜா ஜுமாஆட் என்னும் பூகிஸ் வம்சத்து இளவரசர், 1847இல் குன்றின்மீது அகழியுடன் கூடிய கோட்டை ஒன்றை எழுப்பினார். சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் திரண்டனர், வாணிகம் பெருகியது. 1864இல் அவர் மறைந்த பின்னர் லுக்குட் தன் பொலிவை இழந்தது. அதன் பின் 1880ஆம் ஆண்டுவாக்கில் அது சிலாங்கூரிடமிருந்து சுங்கை ஊஜோங்கின் வசம் வந்தது. இன்று அக்கோட்டையின் மண்மேடும் அகழியும் எஞ்சியுள்ளன.

சுங்கை ஊஜோங் என்பது இன்றைய சிரம்பான் வட்டாரம். அங்கு வெட்டிய ஈயம் லிங்கி ஆற்றின் வழியே கடலுக்கு வந்தது. ஆற்றின் வழிநெடுக ஆங்காங்கே தலைவர்கள் சுங்கம் வசூலித்தனர். அதனால் சச்சரவுகள் ஓயவில்லை. ஆற்றை நம்பாமல் ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு சேர்க்க வேறு வழி தேவைப்பட்டது. அந்தத் தேவைதான் போர்ட்டிக்சனை உருவாக்கியது.

கரியில் பிறந்த துறைமுகம்

மரத்தைச் சுட்டுக் கரி எடுத்த இடமாதலால் இக்கடற்கரைக்கு 'அராங்' என்று பெயர் வழங்கியது. மலாய் மொழியில் அராங் என்றால் கரி. கப்பல்கள் நிற்கப் போதிய ஆழம் கரைக்கு அருகிலேயே இருந்ததால் ஆங்கிலேயர் இதனைத் துறைமுகமாகத் தேர்ந்தெடுத்தனர். நீரிணைக் குடியேற்றப் பகுதிகளின் காலனித்துவச் செயலாளராகவும் சில காலம் இடைக்கால ஆளுநராகவும் இருந்த சர் ஜான் ஃபிரெடெரிக் டிக்சனின் பெயர் இத்துறைமுகத்துக்குச் சூட்டப்பட்டது. அவர் 1891இல் மறைந்தார். கரி சுட்டவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அந்த அதிகாரியின் பெயரோ இன்றும் நிலைத்திருக்கிறது.

அதே 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இருப்புப் பாதை திறக்கப்பட்டது. தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதை 1885இலும், கோலாலம்பூர்–கிள்ளான் பாதை 1886இலும் திறக்கப்பட்டதை அடுத்து வந்த இப்பாதையின் நீளம் ஏறத்தாழ 39 கிலோமீட்டர். தனியார் நிறுவனம் ஒன்று நடத்திய இப்பாதையை 1908இல் ஐக்கிய மலாய் மாநில அரசாங்கம் விலைக்கு வாங்கியது.

மலாயாவின் இருப்புப் பாதைகளில் நம்மவர்களின் வியர்வை கலந்திருப்பதை யாவரும் அறிவர். காடு வெட்டி, மண்மேடு கட்டி, கட்டையும் தண்டவாளமும் சுமந்தவர்களில் தமிழர்கள் பெரும் பங்கினர். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் பலர் பணியாற்றினர். இன்று அப்பாதையில் இரயில் ஓடுவதில்லை. புல் மண்டிய தண்டவாளத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கணம் வாகனத்தின் வேகத்தைக் குறைப்பது என் வழக்கம்.

துறைமுகம் தோற்றது, கடற்கரை வென்றது

1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. கோலாலம்பூரோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த அத்துறைமுகத்தின்முன் போர்ட்டிக்சனால் ஈடுகொடுக்க இயலவில்லை. ஆயினும் சிரம்பான் பாதை கோலாலம்பூரோடு இணைந்தபின், ஈயத்தை ஏற்றி வந்த அதே இரயில், கடற்காற்று வாங்க விரும்பிய அதிகாரிகளையும் தோட்டத் துரைமார்களையும் ஏற்றி வந்தது. கரையோரம் ஓய்வு மாளிகைகள் எழுந்தன. துறைமுகமாகப் பிறந்த ஊர் ஓய்வு நகரமாக வளர்ந்தது இப்படித்தான்.

இராணுவமும் இவ்வூரின் இயல்பில் ஒரு பகுதியாயிற்று. 1933ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள், 25 மலாய் இளைஞர்களோடு மலாய்ப் படையணி இங்குதான் தொடங்கப்பட்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் வீரமரணம் எய்திய லெப்டினன்ட் அட்னான் சைடி இப்படையணியைச் சேர்ந்தவர். போர் முடிந்து ஜப்பானியர் சரணடைந்தபின், 1945 செப்டம்பர் 9ஆம் நாள் நேசப் படைகள் மோரிப்பிலும் போர்ட்டிக்சன் கரையிலும் இறங்கின. இறங்கிய வீரர்களில் இந்தியர் மிகப் பலர்.

1960களின் தொடக்கத்தில் ஷெல், எஸ்ஸோ ஆகியவற்றின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. இன்று அவற்றின் உரிமையும் பெயரும் மாறிவிட்டன. 1990களில் சிரம்பான் நெடுஞ்சாலை வந்தது. அடுக்கு மாடி விடுதிகள் முளைத்தன. 1997ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் அவற்றுள் சில பாதியில் நின்று, சன்னலில்லாக் கண்களோடு பல ஆண்டுகள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன. பின்னர் கடலின் மேலேயே செம்பருத்திப் பூ வடிவில் விடுதி எழுந்தது. ஏறியும் இறங்கியும் மீண்டும் எழுந்தும் வாழக் கற்ற ஊர் இது.

முனையும் விளக்கும்

கரையின் தென்கோடியில் இருக்கும் தஞ்சோங் துவான் முனை, நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தும் மலாக்கா மாநிலத்துக்கு உரியது. போர்த்துக்கீசியர் இதனைப் பிளவுண்ட முனை என்னும் பொருளில் காபோ ரசாடோ என்றனர். 1606 ஆகஸ்ட்டில் இம்முனைக்கு அருகே போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கடற்போர் புரிந்தனர். அதில் மூழ்கிய டச்சுக் கப்பல்களுள் ஒன்றான நாசாவ், ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1995இல் அகழ்ந்தாராயப்பட்டது. முனையின் உச்சியில் இன்று நிற்கும் கலங்கரை விளக்கம் 1863இல் கட்டப்பட்டது.

இம்முனைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. மலாக்கா நீரிணை இவ்விடத்தில் குறுகியிருப்பதால், ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தேன் பருந்துகள் சுமத்ராவிலிருந்து கூட்டம் கூட்டமாக நீரைக் கடந்து இங்கு வந்து சேர்கின்றன. கடலின் மேல் வெப்பக் காற்று எழாததால் சிறகடித்தே பறந்து களைத்து வரும் அப்பறவைகள், முனையின் காட்டுக்கு மேல் எழும் வெப்பக் காற்றைப் பற்றிக்கொண்டு மீண்டும் வட்டமிட்டு உயர்கின்றன. பின்னர்த் தாம் பிறந்த வடதிசை நோக்கிப் பயணத்தைத் தொடர்கின்றன. 2000ஆம் ஆண்டு முதல் இயற்கை ஆர்வலர்கள் இங்குக் கூடி அவற்றை வரவேற்று எண்ணி வருகின்றனர். பறவைகளுக்குக்கூடக் கணக்கு எழுதப்படுகிறது என்று எண்ணி நான் மகிழ்ந்ததும் உண்டு, ஏங்கியதும் உண்டு.

தோட்டங்களும் கட்டைக் கணக்கும்

கடற்கரையிலிருந்து சற்று உள்ளே திரும்பினால் லின்சம், சிலியாவ், சுவா பெத்தோங், சுங்காலா எனத் தோட்டங்களின் பெயர்கள் வரிசையாய் வரும். முதலில் காப்பி, பின்னர் ரப்பர், அதன் பின்னர்ச் செம்பனை. கங்காணிமார் ஊருக்குச் சென்று ஆள் திரட்டி அழைத்து வந்த காலம் அது. 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரை அம்முறை நீடித்தது. அதிகாலை இருளில் பால்மரக் காட்டுக்குள் நுழைந்தவர்களின் உழைப்பே துரைமார்களின் கடற்கரை மாளிகைகளுக்கு அடித்தளம் என்றால் அது மிகையாகாது.

நம்மவர்கள் இக்கரையை அழைத்த முறையும் தனி. தெலுக் கெமாங், சி ரூசா, பாசிர் பாஞ்சாங் என்னும் பெயர்களைவிட, பட்டினத்திலிருந்து எத்தனையாவது மைல்கல் என்பதே அவர்களுக்கு அடையாளம். நாலாங்கட்டை, ஏழாங்கட்டை என்றால்தான் இடம் விளங்கும். மைல் கணக்கு மறைந்து கிலோமீட்டர் வந்து பல பத்தாண்டுகள் ஆயின. அந்தக் கட்டைகளும் இப்போது இல்லை. ஆயினும் ஏழாங்கட்டை என்னும் சொல் நம் வீடுகளில் இன்னும் வாழ்கிறது.

பாட்டி கேட்ட கேள்வி

1980களின் இறுதியில் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தேன். தீபாவளிக்கு மறுநாள் தோட்டத்து லோரியில் ஏழாங்கட்டைக்குச் சென்றோம். புளிச்சோறும் அவித்த முட்டையும் தூக்குச் சட்டிகளில் வந்தன. பிள்ளைகள் எல்லாரும் தண்ணீருக்குள் பாய்ந்தோம். என் பாட்டி மட்டும் சேலையைச் சற்றே உயர்த்திக் கணுக்கால் அளவு நீரில் நின்றார். சிறுமியாக இருந்தபோது நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர் அவர். அதன் பின்னர் ஒருமுறைகூடத் திரும்பிச் சென்றதில்லை.

"தம்பி, பள்ளிக்கூடத்துல படிக்கிறியே, நம்ம ஊரு இதுல எந்தப் பக்கம்யா இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. ஆயினும் தெரியாது என்று சொல்ல மனம் வராமல் நேர் எதிரே கதிரவன் இறங்கும் திசையைக் காட்டினேன். பாட்டி அத்திசை நோக்கிக் கைகூப்பினார். ஒரு கை நீரை அள்ளி என் தலையிலும் தம் தலையிலும் தெளித்துக்கொண்டார். அதன் பின்னர் எத்தனை முறை கடற்கரைக்கு வந்தாலும் அதே இடத்தில் நின்று அதே திசையைக் கும்பிடுவது அவருடைய வழக்கமாயிற்று.

அரசாங்கப் பணியில் சேர்ந்தபின் ஒரு நாள் அலுவலகத்தில் பெரிய வரைபடம் ஒன்றை விரித்தபோதுதான் என் தவறு புலப்பட்டது. ஏழாங்கட்டைக்கு நேர் எதிரே இருப்பது சுமத்ரா. நாகப்பட்டினத்துக் கப்பல்கள் வங்கக் கடலைக் கடந்து பினாங்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கி வந்தவை. பாட்டி திரும்பிப் பார்க்க வேண்டிய திசை வடமேற்கு. அதனைச் சொல்ல அப்போது பாட்டி இல்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. அவர் பிறந்த சிற்றூரின் பெயரை நாங்கள் யாருமே எழுதி வைக்கவில்லை. 'தஞ்சாவூர்ப் பக்கம்' என்னும் இரண்டு சொற்களே எங்கள் குடும்பத்தில் எஞ்சியுள்ளன. நெய்தலுக்கு ஏன் இரங்கலை உரியதாக்கினர் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

எழுதி வைத்ததே எஞ்சும்

இந்தக் கரையின் வரலாற்றைத் திரும்பிப் பாருங்கள். இங்குச் சில காலமே தொடர்புடையவராயினும் டிக்சனின் பெயர் நிலைத்தது. அது வரைபடத்தில் எழுதப்பட்டது. அகமது மஜ்னுவின் பெயர் ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்தும் வாழ்கிறது. அது கல்லில் பொறிக்கப்பட்டது. நாசாவ் கப்பலை அடையாளம் காண முடிந்தது. அதன் போரைப் பற்றி அக்காலத்தவர் குறித்து வைத்திருந்தனர். நம் முன்னோர் உழைத்தனர், வழிபட்டனர், மறைந்தனர். குறித்து வைக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, பலருக்கு எழுத்தும் இல்லை.

இதன் விளைவை நம் ஆலயமே அனுபவித்துள்ளது. தோட்டம் கைமாறி, லயன்கள் இடிக்கப்பட்டு, ஆலயம் இன்றைய இடத்துக்குப் பெயர வேண்டிய நிலை வந்தபோது, ஆலயத்தின் பழமைக்குச் சான்று கேட்கப்பட்டது. முதியவர்கள் பலர் முன்வந்து தம் பாட்டனார் காலத்துக் கதைகளைக் கூறினர். ஆயினும் அலுவலக மேசையில் நினைவு செல்லுபடியாகாது, தாள் வேண்டும். நானும் மேசையின் அந்தப் பக்கம் அமர்ந்து பழகியவன் என்பதால் அந்த விதியைக் குறை கூற முடியாமல் தலைகுனிந்து நின்றேன். இறுதியில் கைகொடுத்தது, ஒரு கங்காணி காணிக்கையாக அளித்த ஆண்டு பொறித்த வெண்கல மணி. ஆலயம் இன்று நிலைபெற்றிருப்பதற்கு இறையருளுக்கு அடுத்தபடியாக, அந்த மணியில் நாலு எழுத்தைப் பொறிக்கச் சொன்னவரின் முன்யோசனையே காரணம். ஒவ்வொரு பூசையிலும் அந்த மணி ஒலிக்கும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே இம்மலரின் வழியாக ஆலய உறுப்பினர்களிடமும் பக்தப் பெருமக்களிடமும் பணிவான வேண்டுகோள் ஒன்றை வைக்கிறேன். உங்கள் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள். எந்த ஊரில் பிறந்தார்கள், எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் எந்த லயனில் வாழ்ந்தார்கள், எந்தக் கங்காணியின் கீழ் வேலை செய்தார்கள் என்பவற்றைத் தேதியோடு எழுதுங்கள். பழைய புகைப்படங்களின் பின்புறத்தில் பெயர்களைக் குறியுங்கள். திருவிழாத் துண்டறிக்கை, சந்தா இரசீது, பள்ளிச் சான்றிதழ், தோட்டத்துச் சம்பள அட்டை எதுவாயினும் வீசிவிடாதீர்கள். இவற்றின் படிகளைப் பெற்று ஒரு பதிவேடாக ஆலய அலுவலகத்தில் பேணுவதற்கு நிர்வாகத்தினர் இசைந்தால், அப்பணியைச் செய்து தர அடியேன் ஆயத்தமாக இருக்கிறேன்.

அடுத்த விடுமுறையில் நீங்கள் ஏழாங்கட்டைக்குச் செல்லக்கூடும். பிள்ளைகள் குளித்துக் களைத்தபின் அவர்களைக் கரையில் நிறுத்தி, வடமேற்குத் திசையைச் சரியாகக் காட்டுங்கள். நம் பெரியவர்கள் அந்தப் பக்கமிருந்து வந்தார்கள் என்று சொல்லுங்கள். நான் தவறாகக் காட்டிய திசையை அவர்களாவது சரியாக அறியட்டும்.

எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக.